வெயில் ஊரில் மீனும் கீரையும்

தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தில் மீன் என்றால் எல்லோருக்கும் ஒகேனக்கல்தான் நினைவுக்கு வரும். ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். ஆற்றங்கரையில் மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கும் மீனைக் கை காட்டினால் அங்கேயே பொரித்துத் தருவார்கள். காவிரி அவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது. ஆனால் அது ஓடுவது பள்ளத்தில். நாங்கள் இருப்பது மேட்டில். கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, புளியமரம் என்று வானத்தைப் பார்த்துப் பிழைக்கும் நிலம் இது. பாறை மேல் கொஞ்சம் மண். ஆண்டு முழுக்கப் பெய்தால் 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை வரும். பாலைவனம் என்று சொல்ல முடியாது. பங்குனியிலிருந்து வைகாசி வரை எங்கள் புறக்கடையில் நின்று பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

அந்தப் புறக்கடையில்தான் நான் மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கிறேன். அக்வாபோனிக்ஸ் என்கிறார்கள். மீன் தின்று கழிக்கிறது. கழிவிலும் செவுளிலும் வெளியேறுகிற அம்மோனியா தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீரை ஜல்லி நிரப்பிய பாத்திக்கு ஏற்றினால், ஜல்லியில் ஒட்டி வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் செடிக்கு உணவு. செடி அதை எடுத்துக்கொண்டபின் வடிந்த தண்ணீர் மீண்டும் மீனிடம் போகும். மண்ணில் பாய்ச்சினால் வேருக்குக் கீழே இறங்கிக் காணாமல் போகிற தண்ணீர் இதில் எங்கேயும் போகாது. காற்று குடிப்பதும் இலை குடிப்பதும்தான் செலவு.

இந்த முறைக்கு நம்பகமான கணக்குகளைத் தந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ராக்கோசி. கரீபியன் கடலில் உள்ள வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இதையே ஆராய்ந்தவர். வீட்டளவில் செய்ய நினைப்பவர்களுக்கு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2014இல் வெளியிட்ட கையேடு இருக்கிறது. அதே நிறுவனம் காசாவில் நிலமில்லாத குடும்பங்களின் மொட்டை மாடிகளில் இப்படிப்பட்ட தொட்டிகளை வைத்துக் கொடுத்திருக்கிறது. கையேட்டின் அடிப்படைக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கீரைப் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் விழ வேண்டும். கத்தரி, மிளகாய் போலக் காய்க்கிற செடி என்றால் 50 முதல் 80 கிராம். வளர்ந்து வரும் மீன் தன் எடையில் சுமார் நூற்றுக்கு இரண்டு பங்கு தின்னும் என்று வைத்துக்கொண்டால், இரண்டரைக் கிலோ மீன் ஒரு சதுர மீட்டர் கீரையைக் காப்பாற்றும். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ மீன் வரை வீட்டுத் தொட்டியில் வைக்கலாம் என்பதும் அந்தக் கையேட்டின் அளவுதான்.

நான் ஆயிரம் லிட்டருக்கு 10 கிலோவைத் தாண்டுவதில்லை. காரணம் வெயில்.

தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் கரைவது குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9.1 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் 7.5. 35 டிகிரியில் 6.9. இது கடல்மட்டத்துக் கணக்கு. எங்களைப் போன்ற மேட்டு ஊரில் இன்னும் சற்றுக் குறையும். மீனின் நிலைமையோ இதற்கு நேர் எதிர். உடம்பு சூடேற அதற்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். பாக்டீரியாவுக்கும் வேண்டும், செடியின் வேருக்கும் வேண்டும். வரவு குறையும் அதே மதிய நேரத்தில் செலவு கூடுகிறது.

ஆக்சிஜனைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். அம்மோனியாவை வெயில் என்ன செய்கிறது என்பதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று பெரிதாகத் தீங்கு செய்யாது, மற்றது செவுளைக் கருக்கும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை காரத்தன்மையும் வெப்பமும். பி.எச். 8 இருக்கும் தண்ணீரில், 20 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் 4 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். 30 டிகிரியில் அது 7 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பி.எச். 7க்கு இறங்கிவிட்டால் அதே 30 டிகிரியில் ஒரு விழுக்காடுகூட இருக்காது. ஆக, சோதனைக் குழாயில் சொட்டு விட்டுப் பார்க்கும்போது தெரிகிற நிறம் மார்கழியிலும் சித்திரையிலும் ஒன்றாகவே இருக்கலாம். மீனுக்கு அது ஒன்றல்ல. சொட்டு மருந்துப் பெட்டியோடு ஒரு தெர்மாமீட்டரும் பி.எச். பார்க்கும் வசதியும் இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் இதில் இறங்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தொட்டிக்கு நான் வைத்திருப்பது கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை. ஊரில் எளிதாகக் கிடைக்கிறது, உடைந்தால் பூசிக்கொள்ளலாம். அதை முக்கால் பங்கு பூமிக்குள் புதைத்து, அடியில் தளம் போட்டிருக்கிறேன். மேலே நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி வெயிலை நாலா பக்கமும் வாங்கும். புதைத்த தொட்டிக்கு வாய் மட்டும்தான் வெளியே. நம் ஊரில் ஓர் ஆள் உயரம் தோண்டினால் மண்ணின் சூடு பகலுக்கும் இரவுக்கும் அதிகம் மாறாது. புது சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும், பி.எச். எகிறும். அதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் வைத்தியம் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய புளியைக் கரைத்து ஊற்றி ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி, காரம் அடங்கும்வரை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். பென்னாகரத்தில் புளிக்கா பஞ்சம்?

தொட்டிக்கு மேற்கே ஒரு புங்கமரம் நிற்கிறது. பிற்பகல் வெயிலைத் தடுக்கிற வேலை அதனுடையது. புங்கை நிழல் பற்றி நம் பாட்டிமார்கள் சொன்னதெல்லாம் உண்மை. என்ன, பூ உதிரும் காலத்தில் தினமும் அள்ள வேண்டும். பாத்திகளுக்கு மேலே பாதி வெயிலை வடிகட்டும் நிழல்வலை. தொட்டி வாய்க்குத் தென்னங்கீற்று. வெளியே தெரிகிற உறையைச் சுற்றி ஈரச் சாக்கு. இந்தச் சாக்கு யோசனை பட்டுப்புழு வளர்க்கும் ஒரு பெரியப்பாவிடமிருந்து வந்தது. எங்கள் மாவட்டத்தில் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிறவர்கள் நிறைய. புழு மனை சூடேறினால் புழு தின்னாது, நோய் விழும். அதனால் சன்னலில் சாக்கைக் கட்டி நனைத்து விடுவார்கள். வறண்ட காற்று அதன் வழியே குளிர்ந்து உள்ளே வரும். மண்பானை வியர்த்துத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது ஆயிரம் லிட்டர் தண்ணீரின் சூட்டை அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகவே குறைத்துவிட்டுப் போகும். காற்று வறண்டிருக்கும் வரை இந்தக் குளிர்ச்சி இலவசம் என்று நினைக்கலாம். தண்ணீரில் அதற்கு விலை கொடுக்கிறோம். அந்த விலைக்குப் பிறகு வருகிறேன்.

ஜல்லிப் பாத்திதான் இந்த ஏற்பாட்டின் நுரையீரல், வயிறு, சிறுநீரகம் எல்லாம். முக்கால் இன்ச் கருங்கல் ஜல்லி. எங்கள் பக்கத்துக் கருங்கல்லில் பொதுவாகச் சுண்ணாம்பு இருக்காது; ஆனாலும் புது ஜல்லியில் ஒரு கை எடுத்து வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். பாத்தி ஒரு அடி ஆழம். தண்ணீர் மட்டம் மேல் இரண்டு அங்குலத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் மேல் ஜல்லி காய்ந்து கிடக்கும், பாசி பிடிக்காது, ஆவியாதலும் குறையும்.

பொதுவாகச் சொல்லப்படும் முறை, மணிக்குப் பதினைந்து நிமிடம் பம்பு ஓட்டி பாத்தியை நிரப்பி வடிய விடுவது. எந்நேரமும் ஒரே மாதிரி. எங்கள் வெயிலுக்கு இது சரிப்படாது. சித்திரை மதியத்தில் மேல் ஜல்லி கையை வைக்க முடியாத சூட்டில் கிடக்கும். அந்த நேரத்தில் தண்ணீரை அடிக்கடி ஏற்றினால், வெயில் ஜல்லியில் சேர்த்து வைத்த சூட்டையெல்லாம் வழித்து எடுத்து மீன் தொட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரவில் நேர்மாறு. பத்து மணிக்கு மேல் வீசும் காற்று வறண்டது, குளிர்ந்தது. அப்போது ஜல்லி வழியே ஓடும் தண்ணீர் பகலில் வாங்கிய சூட்டை அந்தக் காற்றிடம் கொடுத்துவிட்டு வரும். அதனால் கோடையில் என் பம்பு இரவு முழுக்க அடிக்கடி ஓடும். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வேர் காயாத அளவுக்கு மட்டும் ஓடும். அந்தப் பகல் நேரத்தில் மீனுக்கு மூச்சு கொடுப்பது காற்றுப் பம்பும் அதன் குமிழிக் கல்லும். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு செலவில்லை. டைமரைத் திருப்பி வைத்தால் போதும். வெயில் ஊரில் இருக்கும் எவரும் வேறெதையும் செய்வதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

இனி தண்ணீர். எங்கள் மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசினால் ஃப்ளோரைடைப் பேசாமல் இருக்க முடியாது. போர்வெல் ஆழம் போகப் போகப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்கள் பலவற்றில் அதைத் தாண்டிய தண்ணீரைத் தலைமுறைகளாகக் குடித்திருக்கிறார்கள். பல்லில் பழுப்புக் கறை விழுந்த முகங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். மூட்டு இறுகி நிமிர முடியாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டங்களுக்கும் குழாயில் ஏறியது.

குடிக்கக் காவிரி வந்துவிட்டது, மீனுக்குப் போர் தண்ணீரை விடலாமே என்றால், இங்கேதான் ஆவியாதலின் விலை தெரியும். சுற்றிச் சுற்றி வரும் தண்ணீரில் நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு குறையும். கோடையில் மூன்று என்றே வைத்துக்கொள்வோம். 2,000 லிட்டர் ஏற்பாட்டில் தினம் 60 லிட்டர். போவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்த உப்பும் ஃப்ளோரைடும் உள்ளேயே தங்கிவிடும். ஒன்றரை மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள போர் தண்ணீரால் அந்த 60 லிட்டரை மூன்று மாதம் ஈடுகட்டினால், கோடை முடிவில் தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டும். செடியும் ஜல்லியும் கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் கணக்கு போகும் திசை அதுதான். கூடவே கடினத்தன்மையும் ஏறும், பி.எச். எட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது, அம்மோனியா கொடியதாகும். தண்ணீரைச் சேமிக்கும் முறை என்று சொல்லிக்கொண்டு, மிஞ்சிய தண்ணீரை மெல்லக் காய்ச்சிக் கெட்டியாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கீரையை என் வீட்டுக் குழந்தைகள் தின்கிறார்கள்.

காவிரிக் குழாய்த் தண்ணீரை விடலாமா என்று கேட்பார்கள். அதில் குளோரின் இருக்கும். பாக்டீரியாவையும் மீனையும் கொல்லும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்துக் காற்றடித்தால் போய்விடும். செய்யக் கூடியதுதான். நான் செய்வதில்லை. எத்தனையோ பேர் பல் கறைபட்டு, எலும்பு இறுகி, அதன்பிறகு வந்து சேர்ந்த தண்ணீர் அது. தெருக்குழாயில் குடம் வரிசையாக நிற்கும்போது அதை மீன் தொட்டிக்குத் திருப்ப எனக்கு மனம் வராது.

மிஞ்சியது மழை. தமிழ்நாட்டில் 2003இல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பலரும் குழாயை மண்ணுக்குள் விட்டுவிட்டார்கள். அது நிலத்தடி நீருக்கு நல்லது. நான் அதில் ஒரு கிளையைத் தரைக்கடித் தொட்டிக்குத் திருப்பிக்கொண்டேன். கணக்கு நம் கொத்தனார் கணக்குதான். பத்து சதுரம் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். இரண்டரை சென்டிமீட்டர் பெய்கிற ஒரு நல்ல மழை 2,300 லிட்டரைக் கொண்டுவரும். அப்படி மூன்று மழை பிடித்தால் 6,000 லிட்டர் தொட்டி நிரம்பி வழியும். தினம் 60 லிட்டர் வீதம் மூன்று மாதக் கோடைக்கு வேண்டியது 5,400. புரட்டாசி, ஐப்பசியில் பிடித்து மூடி வைத்தால் வைகாசி வரை கைகொடுக்கும். நடுவில் ஒரு கோடை மழை வந்துவிட்டால் அது கூடுதல் வரவு. முதல் மழையை மட்டும் மாடித் தூசோடு வெளியே விட்டுவிட வேண்டும். தொட்டி மூடிக்கு வலை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும். மீன் இருக்கும் தொட்டியில் அந்தக் கவலை இல்லை. புழு விழுந்த இடத்திலேயே தீனியாகிவிடும்.

ஒரு நாள் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் வேலியோரம் நின்று கேட்டார்: "ஏம்ப்பா, மாட்டுக்கே தண்ணி எட்டல, நீ மீனுக்கு ரொப்பி வச்சிருக்கியே?" நியாயமான கேள்வி. "பெரியப்பா, நாளைக்கு மூணு குடம்தான் ஊத்தறேன். அதுல மூணு பாத்தி கீரையும் மீனும் வருது. அதுவும் மாடி மேல பெஞ்சது" என்றேன். அவர் பாத்தியைச் சுற்றி வந்து பார்த்தார். மண்ணில் போட்ட கீரைக்கு இந்த வெயிலில் எவ்வளவு பாய்ச்ச வேண்டும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கோடைக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். தண்ணீர் அதிகம் குறைவது எங்களுக்கு ஆடியில். சித்திரையில் வெயில் கொளுத்தும், பகலில் காற்று அசையாது. ஆனியில் தொடங்கி ஆடி முழுக்க மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும், மழையை அதிகம் தராது. நிழல்வலை சுருட்டிக்கொள்ளும், சாக்கு அரை மணியில் காயும், கீரை இலை கிழியும். அப்போது நிழலைவிடக் காற்றுத்தடுப்பு முக்கியம். மேற்கு வேலியில் கிளுவையும் சவுண்டலும் நெருக்கி நட்டிருக்கிறேன். சோளம் அறுத்த பின் அதன் தட்டைப் படலாகக் கட்டி நிறுத்தினாலும் போதும்.

மழைத் தண்ணீரில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதில் கடினத்தன்மை கிடையாது. பாக்டீரியா ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது சுமார் ஏழு கிராம் காரத்தைத் தின்றுவிடும். வெறும் மழைத் தண்ணீரில் காரம் தீர்ந்து பி.எச். ஆறுக்குக் கீழே போனால் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். இந்த இடத்தில்தான் நம் போர் தண்ணீர் மருந்தாகிறது. பி.எச். 6.8க்குக் கீழே சரியும்போது ஒன்றிரண்டு குடம் போர் தண்ணீர் விட்டால் ஏழுக்கு ஏறி நின்றுவிடும். சில சமயம் விறகடுப்புச் சாம்பலை ஒரு துணியில் முடிந்து தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிடுவேன். அதில் பொட்டாசியம் இருக்கிறது, மீன் தீவனத்தில் அது போதாது. சாம்பலைக் கொட்டிவிடக் கூடாது, ஒரே நாளில் பி.எச். தாவும். பி.எச். ஏற்கெனவே எட்டில் இருப்பவர்கள் சாம்பல் பக்கமே போக வேண்டாம்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து இல்லை என்று அர்த்தம். கார நீரில் இது எப்போதும் வரும். உரக் கடையில் கீலேட் இரும்பு என்று கேட்டால் பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ. வகையைத் தருவார்கள். அது பி.எச். ஏழை நெருங்கும்போதே பலமிழந்துவிடும். ஈ.டி.டி.எச்.ஏ. வகையைத் தேடி வாங்க வேண்டும். தண்ணீரைச் சிவப்பாக்கும், பயப்பட வேண்டியதில்லை.

என்ன நடுவது? புத்தகங்களில் லெட்யூஸ் என்று இருக்கும். வேர்த் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் அது கசந்து பூத்துவிடும்; வேரும் அழுகும். நமக்கு எதற்கு அது? வெயிலுக்கென்றே பிறந்த தண்டுக்கீரையும் சிறுகீரையும் இருக்கின்றன. கடும் ஒளியிலும் சூட்டிலும் தமக்கான உணவை நன்றாகச் சமைத்துக்கொள்கிற இலைகள் அவை. தண்ணீரை விரும்புகிற பொன்னாங்கண்ணி, வள்ளைக்கீரை, வல்லாரை மூன்றும் ஜல்லியில் வைத்தால் நிறுத்த முடியாது. வள்ளைக்கீரையை ஒரு பாத்தியோடு கட்டுப்படுத்த வேண்டும், விட்டால் குழாய்க்குள் வேர் விடும். கொடிப்பசலையை நிழல்வலைக் கம்பத்தில் ஏற்றினால் அதுவே இன்னொரு நிழல். புதினா வருடம் முழுக்க. கொத்தமல்லியும் வெந்தயமும் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான். அதன்பிறகு விதைப்பது விதைக்குக் கேடு. தக்காளி வரும், நன்றாகவே வரும். ஆனால் பாலக்கோட்டுச் சந்தையில் பெட்டி பெட்டியாக இறங்குகிற ஊரில் அதற்கு இடம் கொடுப்பதைவிட நாலு மிளகாய்ச் செடி வைப்பது லாபம். எதிர் வீட்டு அக்கா முதலில் "மீன் வாடை அடிக்காதா?" என்று தயங்கினார். கடைந்து பார்த்தபின் வாரத்தில் இரண்டு நாள் கூடையோடு வருகிறார். தண்ணீரைக் கீரை மேல் தெளிக்காமல் வேருக்கு மட்டும் விட வேண்டும், பறித்ததை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சமைக்காமல் தின்கிற இலைக்கு இது மிக முக்கியம்.

மீன் விஷயத்தில் என் முடிவு ஜிலேபி கெண்டை. 1952இல் இந்தியாவுக்குள் வந்த மொசாம்பிக் திலேப்பியாவைத்தான் நம் குளங்களில் ஜிலேபி என்று பிடிக்கிறோம். அது வாயில் குஞ்சு பொரித்து ஓயாமல் பெருகும், தொட்டி நிரம்பி எல்லாம் விரல் அளவில் நின்றுவிடும். 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இனமேம்பாட்டிலிருந்து வந்த கிஃப்ட் வகை வேகமாக வளரும். ஆண் குஞ்சுகளாகவே தருவார்கள், பெருக்கத் தொல்லை குறைவு. இதை வளர்க்க மீன்வளத் துறை அனுமதி உண்டு, விதிமுறைகளும் உண்டு. எரிச்சலூட்டும் காகித வேலை என்று சிலர் சொல்வார்கள். நான் அதை மதிக்கிறேன். எங்கள் பக்கம் ஓடும் சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியில் சேர்கிறது; ஓடையில் தப்பும் மீன் அங்கேதான் போய்ச் சேரும். காவிரிக்கே உரிய திமில் மாசீர் மீன் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் உலகப் பட்டியலில் ஏறியது. வடிகால் வழியாக ஒரு குஞ்சுகூட ஓடைக்குப் போகாதபடி என் வடிகுழாய் வாயில் இரட்டை வலை இருக்கிறது. வெளியேறும் தண்ணீர் முருங்கை மரத்துக் குழியோடு முடிந்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கக் கூடாது. அது தடை செய்யப்பட்ட மீன், தடைக்கு நல்ல காரணமும் இருக்கிறது. விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றைக் குடிக்கும். கரண்டு போனாலும் தாங்கும். விரால் விலையும் அதிகம். ஆனால் உயிர்த் தீனிக்குப் பழகியது, ஒன்றையொன்று தின்னும். பொறுமை உள்ளவர்கள் முயலலாம்.

கரண்டு என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. வெயில் காலத்தில் பம்பு நின்றால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கும். ஒரு 12 வோல்ட் பேட்டரியில் தானாக ஓடத் தொடங்கும் காற்றுப் பம்பு இல்லாமல் இந்த ஊரில் மீன் விடுவது மீனுக்குச் செய்கிற அநியாயம். அதுவும் நின்றுவிட்டால் வாளியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், வீட்டில் இருப்பவர் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் 33 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தீவனத்தைப் பாதியாக்குவேன், மாலைத் தீனியை நிறுத்திவிடுவேன். தின்றதைச் செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். கரண்டு இல்லாத இரவில் நிறைந்த வயிறு மீனுக்குப் பகை. மார்கழியில் தண்ணீர் 20 டிகிரிக்குப் பக்கத்தில் போகும்போதும் தின்னாது. போட்டது அடியில் அழுகும். பக்கத்தில் ஒரு தொட்டியில் அசோலா வளர்த்துத் தீவனத்தோடு கலந்து கொடுக்கிறேன். வாங்கும் தீவனம் குறையும். அதை முழுத் தீனியாக்கினால் வளர்ச்சி நிற்கும்.

பூச்சி மருந்துக்கு இங்கே இடமே இல்லை. சோப்புத் தண்ணீரும் செவுளைக் கெடுக்கும். வேப்பெண்ணெய்கூட அளவு மீறினால் மீனுக்கு ஆகாது. அசுவினியை நல்ல தண்ணீர் பீய்ச்சி உதிர்த்தால் அதுவும் மீனுக்கு உணவு. 2008 வாக்கில் தமிழ்நாட்டுப் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் மூடிய மாவுப்பூச்சியை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு சிறு குளவி அடக்கியதை எங்கள் மாவட்டம் கண்ணால் பார்த்தது. அதனால் இங்கே பூச்சிக்குப் பூச்சியே மருந்து என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. மீனுக்கு வேறு எதிரிகள்: மீன்கொத்தி, மடையான், பூனை. கீற்றுக்கு மேல் ஒரு வலை போதும்.

இதில் பணம் வருமா என்று கேட்கிறவர்களுக்கு நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். பத்து கிலோ மீன், நாலு சதுர மீட்டர் கீரை என்பது வீட்டுக்கும் இரண்டு அண்டை வீட்டுக்கும் போதும். பல லட்சம் போட்டால் மாதம் இவ்வளவு எடுக்கலாம் என்று அட்டவணை காட்டுகிறவர்கள் வந்தால் சித்திரை மாதத்துத் தண்ணீர் வெப்பம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். மீன் மட்டும் பெரிய அளவில் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயோஃபிளாக்கிற்கும் மறுசுழற்சித் தொட்டிக்கும் மானியம் அறிவித்தார்கள். பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60. அது வேறு தொழில். வீட்டுத் தொட்டியிலிருந்து எனக்கு வருவது, அறுத்த அன்றே கடைகிற கீரையும், களிக்குப் புளி கரைத்து வைக்கிற மீன் குழம்பும். மீனை எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு தீனி போடாமல் சுத்தமான தண்ணீரில் தனியே விட்டுவிட வேண்டும், சேற்று வாடை போய்விடும்.

ஆரம்பிக்க விரும்புகிறவர்கள் கோடையில் ஆரம்பிக்காதீர்கள். வெக்கையில் பாக்டீரியா வேகமாகப் பெருகும் என்பது உண்மைதான். ஆனால் பாக்டீரியா நிலைபெறுவதற்கு முன் அம்மோனியா ஏறுகிற அந்த நாலு முதல் ஆறு வாரம் வெயிலோடு சேர்ந்தால் மீன் தாங்காது. புரட்டாசியில் தொட்டியை இறக்கிப் புளி ஊற்றி ஆற வையுங்கள். ஐப்பசி மழையில் நிரப்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி ஒன்றிலிருந்து ஒரு சட்டி பழைய ஜல்லி கிடைத்தால் பாக்டீரியா சீக்கிரம் பிடிக்கும். என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுக்கிறேன். கார்த்திகையில் கொஞ்சம் மீன், தையில் மீதி. கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, திலேப்பியா பற்றி அங்கே விசாரிக்கலாம். குஞ்சை வெயிலுக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பையைப் பிரிக்காமல் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கலந்து, அதன்பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்றைக்குத் தீனி வேண்டாம்.